கிரீஸுக்குள் ஒரு துப்பாக்கி

மின் அடுப்பில் தண்ணீர் கொதித்துவிட்டது, கிரீஸ்தான் இன்னும் இளகவில்லை, அவசரப்படாதே இளம்பரிதி, ஒரு மகாயுத்தம் முடிந்த காலத்திலிருந்து உறைந்து கிடப்பது உன் சனிக்கிழமைக்காகச் சட்டென்று இளகிவிடுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கராஜில் பழைய பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே மேசையில் அது கிடக்கிறது. பழுப்புக் காகிதம் பாதி கிழிந்து, காகிதத்துக்குள் இன்னொரு தோல் மாதிரி கிரீஸ் அப்பி, எது மரம் எது இரும்பு என்று தெரியாமல். நேற்றுச் சாயந்தரம் மருந்துக்கடைக்குள் இருக்கும் தபால் கவுன்டரில் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கவுன்டர் பெண் இதை ஏதோ திரைச்சீலைக் கம்பி மாதிரி தூக்கிக் கொடுத்தாள். நீளமான அட்டைப்பெட்டி, மேலே அனுப்பிய கடையின் பெயர் மட்டும். அதைக் காருக்கு எடுத்துப் போகையில் எனக்கு வேர்த்தது. ஏப்ரல் மாதம், ஓரங்களில் இன்னும் பனி அழுக்காகக் கிடக்கிறது, எனக்கு வேர்க்கிறது. என் மனைவி வதனிக்கு இது வந்துவிட்டது என்று இன்னும் தெரியாது. நேற்று அவள் பல் வைத்தியரின் கிளினிக்கிலிருந்து திரும்பியபோது நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன், காலையில் நான் எழும்புவதற்குள் போய்விட்டாள். சனிக்கிழமை அரை நாள்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். அதற்குள் இந்தக் கிரீஸையெல்லாம் வழித்து, மரத்தை மரமாகவும் இரும்பை இரும்பாகவும் ஆக்கி, பார்த்தால் ஒரு பழைய சாமான் என்று தோன்றும்படி வைத்துவிட வேண்டும் என்பது என் திட்டம். அதையும் மீறி அவள் முகம் மாறினால் என்னோடு வேலை பார்க்கும் ராய்க்குப் போன் போட்டுவிடுவது என்று இன்னொரு திட்டம். ராய் இன்றைக்கே வந்து எடுத்துக்கொள்வான், அவன் வீட்டில் இந்த மாதிரித் துப்பாக்கிகள் ஒரு சுவர் முழுக்க இருக்கின்றன. இரண்டு திட்டம் வைத்திருப்பவனுக்கு எதற்கு வேர்க்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

முதலில் வருவது மெழுகுவர்த்தி வாடை. அதற்கடியில் மண்ணெண்ணெய். அதற்கும் அடியில் என்னவோ ஒன்று, எங்கேயோ முகர்ந்தது, சைக்கிள் கடையா, தையல் மிஷினா, இல்லை, திருச்சியில் எங்கள் காலேஜின் என்.சி.சி. அறை. அதேதான். மூக்குக்கு மட்டும் வயசே ஆவதில்லை. அந்த அறையில் வரிசையாகச் சங்கிலி கோத்து நின்ற துப்பாக்கிகள், எல்லாமே செத்த துப்பாக்கிகள், குழலில் துளை போட்டு, சுடும் ஊசியைப் பிடுங்கி, பரேடுக்கு மட்டும். தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் இடம் வலம் என்று நடப்போம். நிஜத் துப்பாக்கியை வருஷாந்தரக் காம்ப்பில்தான் கண்ணால் பார்த்தோம், வரிசையில் குப்புறப் படுக்கவைத்து ஆளுக்குச் சில தோட்டா, ஹவில்தார் முதுகில் பூட்ஸ் காலை லேசாக வைத்தபடி நின்றார், ஆடாதே, மூச்சை விடு, விட்டாயா, இப்போது அழுத்து. என் தோட்டா எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. எழுந்ததும் பூரி மசாலா கொடுத்தார்கள். அந்த நாலைந்து நிமிஷம் கன்னத்தில் ஒட்டியிருந்த மரத்தின் சூடு, அது யாருடைய சூடு, எனக்கு முன்னால் படுத்திருந்த பையனுடையதா, வெயிலுடையதா என்று பூரி சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்தேன். பக்கத்திலிருந்தவன் உனக்கு என்ன ஆயிற்று என்றான். ஒன்றுமில்லை, மசாலாவில் உப்பு இல்லை என்றேன். நம்மூரில் ஒரு சாதாரண ஆள் துப்பாக்கி வைத்துக்கொள்ள ஆசைப்படுவது யானை வளர்க்க ஆசைப்படுகிற மாதிரி. அதனால் ஆசை என்று அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. இங்கே கனடாவுக்கு வந்து, பனியில் வழுக்கி விழுந்து எழுந்து, பிள்ளை இல்லை என்று ஆனதை இரண்டு பேரும் ஒருவழியாகப் பேசி முடித்து, காரின் பிரேக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் உட்கார்ந்து, மயிரிழை பிசகினால் தூக்கிப் போடு என்று பழகி, தலை பாதி நரைத்த பிறகு ராய் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டினான். ராணுவங்கள் வேண்டாமென்று கழித்துக் கட்டியவை, இங்கே ஒரு கடையில் வந்து இறங்கியிருக்கின்றன, வருகிறாயா. சும்மா பார்க்கத்தான் போனேன். சும்மா பார்க்கத்தான் போனேன் என்று சொல்லாத சேகரிப்பாளன் இந்த உலகத்தில் இருக்கமாட்டான்.

கடை ஒன்றும் பயங்கரமாக இல்லை. பழைய பாத்திரக் கடை மாதிரி இருந்தது. கல்லாவில் ஒருத்தர் டோனட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுவரோரம் ரஷ்யாவின் துப்பாக்கிகள், ஒரே அச்சு, ஒரே உயரம், லட்சக்கணக்கில் செய்து தள்ளியது, அதனால்தான் எனக்கும் எட்டியது. ராய் சொன்னான், எல்லாம் ஒன்று போலத் தெரியும், அவசரப்படாமல் பார், ஒன்று போல இன்னொன்று கிடையாது. அது உண்மை. ஒன்றின் மரம் செம்பருத்தி நிறம், ஒன்று கறுப்பு. ஒன்றில் யாரோ பல்லால் கடித்த மாதிரி ஒரு பள்ளம். இரும்பில் எண் அடித்திருக்கிறது, குழலில் ஒன்று, பின்னால் தள்ளித் திறக்கும் போல்ட்டில் ஒன்று, தோளில் பதியும் தகட்டில் ஒன்று, தோட்டா நிற்கும் பெட்டியின் அடிமூடியில் ஒன்று. நாலும் ஒரே எண்ணாக இருந்தால் அவை தொழிற்சாலையில் ஒன்றாகப் பிறந்து பிரியாமல் வந்தவை. இல்லாவிட்டால் வழியில் எங்கேயோ ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்கு மாறியிருக்கிறது. ராயும் அவன் கூட்டாளிகளும் இதற்கு அலைகிறார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன், அடப்பாவிகளா, கடைசியில் நீங்களும் பொருத்தம் பார்க்கிறவர்கள்தானா. ஆனால் பத்தாவது நிமிஷத்தில் நானும் குனிந்து எண் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் என்ன இருக்கிறது, ஏன் இப்படி இழுக்கிறது என்று அன்றைக்கிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அழகா, அழகு இல்லை, மண்வெட்டிப் பிடிக்கு இருக்கிற அழகுகூட இல்லை. வேட்டையா, நான் மீன் பிடிக்கப் போனாலே மீனிடம் மன்னிப்புக் கேட்கிறவன். சரித்திரமா, அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன், சரித்திரம் என்றால் கௌரவமாக இருக்கிறது. ஆனால் சரித்திரம் வேண்டுமென்றால் நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும், அதைத் தோளில் வைத்து அளவு பார்க்க முடியாது. அங்கேதான் வந்து நிற்கிறது, தோளில் வைத்துப் பார்ப்பது. அங்கே வந்ததும் யோசனை நழுவிவிடுகிறது, சரி கிரீஸைப் பார்ப்போம் என்று எழுந்துவிடுகிறேன்.

இளகிவிட்டது. போல்ட்டைக் கழற்றி ஆவியில் வைத்திருக்கிறேன், கிரீஸ் சொட்டுச் சொட்டாகக் கீழே தண்ணீரில் விழுகிறது. கொதிநீரை மேலே ஊற்றுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது மொத்தையான வேலையாகப் பட்டது, ஆவியென்றால் இண்டு இடுக்கெல்லாம் போகும், கிரீஸ் தானாக இறங்கும். இதற்குத் தோதான பாத்திரம் வதனியின் புட்டுப்பானையைத் தவிர வீட்டில் வேறு இல்லை. அடியில் தண்ணீர், மேலே துளைத் தட்டு, மூடி. யோசனை வந்தபோது பெருமையாக இருந்தது. இப்போது மூடியைத் திறந்தால் ராணுவ வாடை குப்பென்று அடிக்கிறது, இனி இந்த ஜென்மத்தில் இதில் புட்டு அவிக்க முடியாது என்பது தெரிகிறது. தரம் பார்ப்பவனின் மூளை அப்படித்தான், வேலைக்குப் பொருத்தமான பாத்திரமா என்று மட்டும் பார்க்கும், பாத்திரம் யாருடையது என்று பார்க்காது. இருக்கட்டும், தேங்காய் எண்ணெயும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் போகும். போகாது. துணியைத் தின்னரில் நனைத்து மரத்தைத் துடைக்கிறேன். தேய்க்கக் கூடாது என்று ராய் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான், தேய்த்தால் அந்த ஆளையே தேய்த்து எடுத்துவிடுவாய். எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். துடைக்கத் துடைக்க அவன் வருகிறான், இதைச் சுமந்த சிப்பாய். முதலில் நட்சத்திரம், அதன் கீழே 1939. கை பிடிக்கும் இடத்தில் மரம் வழுவழுவென்று, ஓரத்தில் சின்னதாக ஒரு துண்டு மரத்தை வெட்டிப் பதித்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், சட்டைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி, நிறம்கூடச் சேரவில்லை. வாரை மாட்டும் துளையின் ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, இடது தோளில் மாட்டுகிறவனா, இல்லை குள்ளமானவனா, நடக்கும்போது இடித்துக்கொண்டே வந்திருக்கும். கன்னம் படும் இடத்தில் மரம் கறுத்திருக்கிறது. வேர்வை, முகத்து எண்ணெய், சோப்பு இல்லாத மாதங்கள். அவன் கீழே கிடந்தானா, காத்துக்கொண்டிருந்தானா, குளிரில் மரத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டிருக்குமா, பசித்திருக்குமா, ஊரில் யார் இருந்தார்கள். கடிதம் எழுதத் தெரிந்தவனாக இருக்கமாட்டான் என்று எனக்குப் படுகிறது, ஏன் அப்படிப் படுகிறது என்று தெரியவில்லை. அவனுக்கு அலெக்ஸி என்று பெயர்கூட வைத்துவிட்டேன். லைசென்ஸ் வந்த பிறகு கடைக்காரர் அனுப்பிய படத்தில் இந்த ஒட்டு மரம் மங்கலாகத் தெரிந்தது, அதைப் பார்த்துத்தான் இது வேண்டும் என்றேன். ஒட்டுப் போட்டிருந்தால் எதுவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். எது நடந்தது. எனக்கு அதுதான் வேண்டும். தொழிற்சாலையில் கீறல் இருந்தால் தூக்கிப் போடு, இங்கே கீறல் இருந்தால்தான் எடு. ஒருவேளை இவ்வளவு வருஷம் தூக்கிப் போட்டதற்கெல்லாம் சேர்த்துத்தான் இப்படிப் பொறுக்குகிறேனோ என்னவோ. ஷட்டரை ஒரு சாண் தூக்கி வைத்திருக்கிறேன், தின்னர் வாடை போக வேண்டுமே. அதன் வழியே நாயின் நாலு கால்களும் மனுஷனின் இரண்டு கால்களும் போகின்றன, எதிர்வீட்டு போர்ச்சுகீஸ்காரர். கால்கள் நிற்கின்றன. நான் மூச்சை விடாமல் உட்கார்ந்திருக்கிறேன். கறுப்புத் தோல், கராஜ், துப்பாக்கி, மூன்றையும் சேர்த்து ஒரு போன் போட்டால் எவ்வளவு வேகமாகக் கார்கள் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் லைசென்ஸ் அட்டை இருக்கிறது, வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, விசைக்குப் பூட்டு வாங்கி, எல்லாம் முறைப்படி. அட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விடுவதற்குள் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. ராய்க்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. அவன் புல் வெட்டும் மிஷினைத் துடைக்கிற மாதிரி வாசலில் வைத்துத் துடைப்பான். நாய் ஷட்டரோரம் மோப்பம் பிடித்துவிட்டுப் போயிற்று, கால்களும் போயின.

வதனியின் கையெழுத்து. எங்கே சுற்றினாலும் அதில்தான் வந்து மாட்டிக்கொள்கிறேன். இந்த நாட்டில் ஒருவன் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டால் அவனோடு குடும்பம் நடத்துகிறவரிடம் அரசாங்கம் கேட்கிறது, உங்களுக்கு இதில் ஏதும் பயம் உண்டா, இல்லையென்றால் இங்கே கையெழுத்து வையுங்கள். வைக்காவிட்டால் போன் செய்து விசாரிப்பார்கள். முதல்முறை அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பெண் கொடுக்கும்போதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் வதனி சாவகச்சேரிக்காரி, போருக்குள் வளர்ந்தவள். திருச்சிக்காரனான எனக்குத் துப்பாக்கி என்றால் சினிமா, பரேடு, பூரி மசாலா. அவளுக்கு அது அப்படி இல்லை. எப்படி என்று அவள் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் கேட்டேன், அது ஒரு காலம் என்றாள், பேச்சு அங்கேயே முடிந்தது. யாருடைய துவக்கு, துப்பாக்கிக்கு அவள் ஊரில் அதுதான் பெயர், யார் வந்தார்கள், எங்கே, எதுவும் இல்லை. அவள் சொல்லாதவற்றை நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். கனடா தினத்தன்று வாணவேடிக்கை தொடங்கினால் சமையலறைக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்து, கழுவிய தட்டுகளையே மறுபடியும் கழுவுவாள். ஹோட்டலில் கதவைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவாள். விமான நிலையத்தில் அதிகாரி இடுப்பில் துப்பாக்கியோடு எதிரே வந்தால் என் சட்டையின் பின்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வாள், எனக்கே தெரியாத அளவுக்கு லேசாக. இப்படிப்பட்டவளிடம் போய் நான் ஆசைக்கு ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று எப்படிக் கேட்பது. கேட்கவில்லை. தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன், கோழை. அது அங்கே வாரக்கணக்கில் தொங்கியது, தொலைபேசிக் கட்டணத்துக்கும் கோவில் காலண்டருக்கும் நடுவே. ஒருநாள் கறிக்கு லீக்ஸ் தண்டு அரிந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு, தாளை எடுத்து, நின்றபடியே படித்து, பேனாவைத் தேடிக் கையெழுத்துப் போட்டாள். திரும்ப ஒட்டினாள். எப்ப வரும் என்று கேட்டாள். அவ்வளவுதான், எப்ப வரும். பஸ் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரி. நாலைந்து மாதம் ஆகும் என்றேன். தலையாட்டிவிட்டு லீக்ஸுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு நான் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். எதற்குக் கையெழுத்துப் போட்டாய், பயமில்லையா, என் மேல் நம்பிக்கையா, அல்லது இந்த மனுஷனோடு என்ன பேச்சு என்று விட்டுவிட்டாயா. விட்டுவிட்டாள் என்பதுதான் எனக்குப் பயம். ஒரு பெண் பேசாமல் கையெழுத்துப் போட்டால் அதற்குச் சம்மதம் என்று அர்த்தமா, இல்லை அவள் வந்த ஊரில் துவக்கு வைத்திருப்பவனிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை என்று அர்த்தமா. அதை நினைத்தால் கையிலிருக்கும் துணி நின்றுவிடுகிறது. பதினாலு வருஷமாக ஒரே கட்டிலில் படுத்திருப்பவன், ஜுரம் வந்தால் ரசம் வைத்துக் கொடுப்பவன், அவள் கண்ணுக்கு ஒரே ஒரு மத்தியானத்தில் வேறொரு ஆளாக மாறிவிட்டால் என்ன செய்வது. அவள் கதவைத் திறக்கும்போது என் முகத்தைப் பார்ப்பாளா, என் கையைப் பார்ப்பாளா.

துடைத்தாயிற்று. செம்பருத்தி நிறம்தான், நான் நினைத்ததைவிட ஆழமாக. தூக்குகிறேன். கனம், ஆனால் ஓரிடத்தில் பிடித்தால் கனமே இல்லை, செய்தவன் அந்த இடத்தை யோசித்து வைத்திருக்கிறான். தோளில் வைக்கிறேன். கன்னத்தைக் கறுத்த இடத்தில் வைக்கிறேன், அலெக்ஸி, தள்ளிக்கொள்ளப்பா, கொஞ்சம் இடம் கொடு. பக்கத்தில் நிற்கும் என் காரின் பின்கண்ணாடியில் என் உருவம் தெரிகிறது, ஸ்வெட்டர் போட்ட, கண்ணாடி போட்ட, தொப்பை தள்ளிய ஒரு ஆள், ஆனால் முதுகு நிமிர்ந்திருக்கிறது. நான் எப்போது இப்படி நிமிர்ந்தேன். பிடித்திருக்கிறது, பொய் சொல்லி என்ன, பிடித்திருக்கிறது. மேனேஜர் ஒருதடவை எல்லார் எதிரிலும் என் பெயரைக் கொலை செய்து கூப்பிட்டுச் சிரித்தது ஞாபகம் வருகிறது, ஏன் இப்போது வருகிறது, அவன் இந்தக் கண்ணாடியில் எங்கே இருக்கிறான். நான் அவனைத் தேடினேனா. சட்டென்று இறக்கிவிட்டேன். இல்லை, நான் அப்படிப்பட்டவன் இல்லை, எனக்கு மரம்தான் பிடிக்கும், எண்கள்தான் பிடிக்கும், ஒட்டுப் போட்டது யார் என்று தெரிந்துகொள்ளத்தான். இறக்கிய பிறகும் முதுகு நிமிர்ந்தே இருந்தது. இன்னொருதடவை வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் வதனியின் காரின் சத்தம் கேட்டது, பிறகு முன்கதவு, சாவியைக் கிண்ணத்தில் போடும் சத்தம், ஷூவைக் கழற்றும் சத்தம். இவ்வளவு சீக்கிரமா. சமையலறையிலிருந்து கராஜுக்கு வரும் கதவு திறந்தது. நான் அதைக் கையில் பிடித்தபடியே நின்றேன், கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

வதனி கிளினிக்கின் நீலச் சட்டையோடு படியில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வந்திட்டுதோ?" என்றாள்.

"நேத்தே வந்துடுச்சு. நீ பார்க்கறதுக்குள்ள தொடைச்சு வெச்சுடலாம்னு..."

அவள் கண் மின் அடுப்புக்குப் போயிற்று. "உது என்ர பிட்டுப்பானை எல்லோ?"

"ஆமா. நல்லாத் தேய்ச்சுக் கழுவிக் கொடுத்துடறேன்."

"கழுவி என்னத்துக்கு? புதுசு ஒண்டு வாங்கித் தாங்கோ." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதைக் கீழ வையுங்கோ."

மேசையில் கிடத்தினேன்.

"கையை எடுங்கோ."

எடுத்தேன். என் கை இன்னும் மரத்தின் மேல் இருந்தது எனக்கே தெரியவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. இல்லை, உங்கால. இன்னும் கொஞ்சம்."

பின்னால் நகர்ந்து நகர்ந்து ஷட்டரில் முதுகு இடிக்க நின்றேன். வதனி படியிலிருந்து இறங்கவில்லை. "வதனி, உனக்கு வேணாம்னா இப்பவே ராய்க்குப் போன் பண்ணிடறேன். அவன் வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவான். நான் உன்னைக் கேட்டிருக்கணும், கேக்காம தாளை ஒட்டி வெச்சது தப்புதான்."

"கதையாதேங்கோ," என்றாள். "பாக்க விடுங்கோ."

இறங்கி வந்தாள். மேசையைத் தொடாமல் ஒரு பக்கமாக நின்று பார்த்தாள். குனிந்து பார்த்தாள், ஒட்டுப் போட்ட இடத்தை, நட்சத்திரத்தை, கன்னம் பட்டுக் கறுத்த இடத்தை, நான் பார்த்த எல்லாவற்றையும், ஆனால் என்னைவிட மெதுவாக. பிறகு சுற்றி வந்து மறுபக்கம் நின்று பார்த்தாள். அவள் அப்படி எதையும் பார்த்து நான் கண்டதில்லை. கல்யாணப் புடவை வாங்கும்போதுகூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆள் பிடிக்காத துவக்கை நான் ஒருநாளும் கண்டதில்லை," என்றாள், துப்பாக்கியிடம் சொல்கிற மாதிரி. "எப்பவும் ஆரோ ஒருத்தன்ர கையில கிடக்கும். நாங்கள் கையைத்தான் பாப்பம். கை அசையுதோ எண்டு. துவக்கு எப்பிடி இருக்குமெண்டு பாக்கேலாது. ஒருக்காத் தன்னும் தனியக் கிடக்கிற ஒண்டைப் பாக்கோணும் எண்டு இருந்தது. அதுக்குத்தான் சைன் வைச்சனான்."

எனக்குக் கண் கலங்கியது, அதைத் துடைத்தால் கையிலிருக்கும் கிரீஸ் கண்ணில் படும் என்று அப்படியே நின்றேன்.

அவள் மேசையின் மறுமுனைக்கு, தோளில் பதியும் தகட்டுப் பக்கம் போனாள். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, நான் தோளில் வைத்துப் பார்த்த இடத்திலிருந்து, அதன் நீளம் முழுக்கக் கண்ணை ஓடவிட்டாள். "இந்தப் பக்கத்தால இப்பிடியோ இருக்கும்?" என்றாள். "முன்னால நிக்கிறவை இவ்வளவு சின்னனாத் தெரிவினமோ?"

அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். அவள் தள்ளித் தள்ளி நிறுத்திய இடம், வேண்டுமென்று செய்திருக்கமாட்டாள், குழலுக்கு நேர் எதிர். போல்ட் புட்டுப்பானைக்குள் கிடக்கிறது, மேசையில் கிடப்பது வெறும் இரும்புக் குழாய், இந்த வீட்டில் ஒரு தோட்டாகூடக் கிடையாது, எல்லாம் எனக்குத் தெரியும். கடையில் இந்த ரகத்தைப் பார்த்தேன், படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன், காலையிலிருந்து அங்குலம் அங்குலமாகத் துடைத்துப் பார்த்தேன், இந்த இடத்திலிருந்து மட்டும் நான் பார்க்கவே இல்லை. மரமும் தெரியவில்லை, எண்ணும் தெரியவில்லை, நட்சத்திரமும் ஒட்டும் அலெக்ஸியும் யாரும் தெரியவில்லை. ஒரு சின்ன வட்டம், அதற்குள் இருட்டு, அதற்குப் பின்னால் என் மனைவியின் பாதி முகம். ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். கால் வரவில்லை.

வதனி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, சுற்றிக்கொண்டு வந்து ஷட்டரோரம் என் பக்கத்தில் நின்றாள். என்னைப் போலவே அந்த வட்டத்தைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் எனக்குத் தெரியும்," என்றாள். என் சட்டையின் பின்பக்கத்தை அவள் பிடிக்கவில்லை. நான்தான் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன், கிரீஸ் கையோடு. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"ராயைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். அவர் கொண்டுபோய்த் தூக்கிப் பிடிப்பார். இஞ்சயே கிடக்கட்டும்."

"சரி."

"நீங்களும் பிடியாதேங்கோ. ஒருத்தரும் பிடியாமல் கிடக்கட்டும். நான் இடைக்கிடை வந்து பாப்பன்."

சரி என்றேன். தோளில் அந்தக் கனம் இன்னும் இருக்கிற மாதிரிதான் இருந்தது. அவள் கையை விட்டுவிட்டு உள்ளே போய்ச் சோற்றுக்கு அரிசி களைந்தாள். நான் குழலை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனேன்.